கடலோர வீட்டுக்கு ஐந்து நட்சத்திர ஏசி: கூடுதல் விலை திரும்பக் கிடைக்குமா?

வாசகர் கேள்வி:

நான் கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ நானூறு மீட்டர் தூரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மாடியில் 11-க்கு 12 அடி படுக்கையறை. மேலே மொட்டை மாடி. 2013-இல் வாங்கிய ஏசி 2019-இல் போயிற்று. அப்போது வாங்கியது 2025 ஆகஸ்டில் போயிற்று. இரண்டு முறையும் அவுட்டோர் யூனிட்டின் காயில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) அரித்துக் கேஸ் வெளியேறிவிட்டது என்றார் மெக்கானிக். இப்போது கடையில் ஒன்றரை டன் மூன்று நட்சத்திரம் 36,500 ரூபாய், ஐந்து நட்சத்திரம் 46,000 ரூபாய், ஒரு டன் ஐந்து நட்சத்திரம் 38,500 ரூபாய் என்கிறார்கள். லேபிளில் ஒன்றரை டன் இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 975 யூனிட், 745 யூனிட் என்று போட்டிருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை, 22 டிகிரியில் ஓட்டுவோம். மே மாதம் பேரப்பிள்ளைகள் வந்தால் மதியமும் ஓடும். ஏசி இல்லாமல் கோடையில் இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் ஆகிறது. கனடாவில் இருக்கும் மகன், தன் வீட்டுக்கு 96 சதவீதத் திறன் கொண்ட எரிவாயு ஃபர்னஸ் வாங்கியதைச் சொல்லி, "எப்போதும் உயர்ந்த திறன் உள்ளதையே வாங்க வேண்டும்" என்கிறான். என் கணவரோ கூடுதல் 9,500 ரூபாய் கடலில் கரைத்த பெருங்காயம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் வீட்டுப் பட்டிமன்றத்தில் உங்கள் கணவர் அறியாமலேயே சரியான சொல்லைப் பிடித்துவிட்டார். கேள்வி நட்சத்திரத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நின்ற இடம் 2013, 2019, 2025 என்ற மூன்று ஆண்டுகளில்தான். அங்கே பிறகு வருகிறேன். முதலில் மகனுடைய வாதத்தைப் பார்த்துவிடுவோம்.

அவர் வாங்கியது அவருடைய ஊருக்குச் சரியான பொருள். 80 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸ், எரித்த வாயுவின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் புகைபோக்கி வழியே ஊருக்குத் தானமாகக் கொடுத்துவிடும். 96 சதவீதத் திறனுள்ளது, அந்தப் புகையையே இரண்டாவது வெப்பமாற்றியில் குளிர்வித்து, அதிலுள்ள நீராவியைத் தண்ணீராக ஒடுக்கி, அப்போது வெளிப்படும் வெப்பத்தையும் வீட்டுக்குள் திருப்பிவிடும். அதனால்தான் அதற்குச் செங்கல் புகைபோக்கிக்குப் பதிலாக பிளாஸ்டிக் குழாயும், ஒடுங்கிய நீர் வெளியேற ஒரு வடிகாலும் வைக்கிறார்கள். குளிர்காலம் நீளும் ஊரில் அந்த இயந்திரம் இரவு பகலாக மாதக்கணக்கில் வேலை செய்கிறது. அது வீட்டின் உள்ளே, நிலவறையில், உப்புக் காற்று படாமல் இருக்கிறது. ஆகவே அவர் கொடுத்த கூடுதல் விலையைத் திருப்பித் தருவதற்கு அதற்கு மணிநேரமும் இருக்கிறது, ஆயுளும் இருக்கிறது. உங்கள் இயந்திரத்துக்கு மணிநேரம் ஓரளவு இருக்கிறது; ஆயுள் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

மணிநேரக் கணக்கை உங்கள் எண்களைக் கொண்டே போட்டுப் பார்த்தேன். லேபிளில் உள்ள 975, 745 என்ற எண்கள் ஆண்டுக்கு 1,600 மணிநேரம் ஓடும் என்ற அனுமானத்தில் கணக்கிடப்பட்டவை. நீங்கள் சொல்லும் வழக்கப்படி இரவுக்கு ஏழு மணிநேரம், 180 இரவு, அதனுடன் மே மாதத்து மதியங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,380 மணிநேரம் வருகிறது. அதன்படி மூன்று நட்சத்திர இயந்திரம் ஆண்டுக்கு 841 யூனிட்டும், ஐந்து நட்சத்திர இயந்திரம் 643 யூனிட்டும் இழுக்கும். வித்தியாசம் 198 யூனிட்.

இந்த 198 யூனிட்டை ரூபாயாக மாற்றும் இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்து, யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டு, சேமிப்பு ஆயிரம் ரூபாய்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு போன்றது. நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்துதான் கழியும், கீழேயுள்ள இலவச 100 யூனிட்டிலிருந்து கழியாது. 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு 101 முதல் 400 வரை யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு, 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65. உங்கள் 340 யூனிட்டுடன் மூன்று நட்சத்திர ஏசியைச் சேர்த்தால் ஒரு கோடைக்காலப் பில் 620 யூனிட், 3,133 ரூபாய். ஐந்து நட்சத்திரத்துடன் 554 யூனிட், 2,547 ரூபாய். ஒரு பில்லுக்கு 586 ரூபாய், மூன்று பில்லுக்கு ஏறத்தாழ 1,760 ரூபாய். அதாவது நீங்கள் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பது ரூபாய்க்குச் சற்றே குறைவான விலை பெறுகிறது. 9,500 ரூபாய் திரும்பி வர ஐந்தரை ஆண்டு ஆகும்.

(முள்ளோடையைத் தாண்டி எங்கள் புதுச்சேரிப் பக்கம் வந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. இங்கே பில் மாதாமாதம் வருகிறது, படிகளும் வேறு. பாகூரிலோ அரியாங்குப்பத்திலோ இருப்பவர்கள் தங்கள் பில்லை வைத்துக்கொண்டு புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.)

ஐந்தரை ஆண்டில் போட்ட பணம் திரும்புமென்றால் வேறு ஊர்க்காரருக்கு நான் யோசிக்காமல் ஐந்து நட்சத்திரத்தை வாங்கச் சொல்லியிருப்பேன். மதுரையிலோ சேலத்திலோ ஒரு நல்ல ஏசி பத்து, பன்னிரண்டு ஆண்டு உழைக்கும். பாதி ஆயுளில் கடன் தீர்ந்து, மீதிப் பாதியில் அது உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும். உங்கள் வீட்டு ஏசி ஒவ்வொன்றும் ஆறு ஆண்டுதான் இருந்திருக்கிறது. கடன் தீர்ந்து ஆறு மாதத்தில் இயந்திரமே போய்விடுமானால், உங்கள் கணவர் சொன்ன பெருங்காயக் கணக்குதான் சரி.

எனவே இயந்திரம் ஏன் ஆறு ஆண்டில் போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவுட்டோர் யூனிட்டின் காயில் பெரும்பாலும் செப்புக் குழாயின் மேல் அலுமினியத் தகடுகளைக் கோத்துச் செய்யப்படுகிறது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, அவற்றின் மேல் உப்பும் ஈரமும் படிந்தால், அது ஒரு சிறிய மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். இங்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கத்து வீடுகளில் நான் பிரித்துப் பார்த்த யூனிட்டுகள் பலவற்றில், விரலால் தொட்டாலே தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருக்கின்றன. தகடு உதிர்ந்தால் வெப்பம் வெளியேறாது. கம்ப்ரசர் அதை ஈடுகட்ட அதிகம் உழைக்கும். கேஸ் கசிவதற்கு ஓரிரு ஆண்டு முன்பே உங்கள் ஐந்து நட்சத்திரம் மூன்றாகவும் இரண்டாகவும் இறங்கிவிடும். லேபிளில் உள்ள எண் தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக் காயிலுக்கு உரியது; தேவனாம்பட்டினத்துக் காற்றை நான்கு ஆண்டு குடித்த காயிலுக்கு உரியதல்ல. ஐந்து நட்சத்திர இயந்திரத்தின் திறனில் பெரும்பங்கு அதன் பெரிய காயிலிலிருந்துதான் வருகிறது என்பதால், இழப்பும் அதற்கே அதிகம்.

பழைய யூனிட் கிழக்குச் சுவரில், கடலைப் பார்த்தபடி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். கடலோர வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் மாட்டுகிறார்கள், மெக்கானிக்குக் குழாய் நீளம் குறையும். கோடை மதியங்களில் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வரும் கடற்காற்று நேராக அதன் முகத்தில் உப்பைத் தெளிக்கும். யூனிட்டின் விசிறியே அந்தக் காற்றை உள்ளே இழுத்துக் காயில் வழியாக அனுப்பும். வீட்டின் மறுபுறம், அதாவது மேற்குச் சுவரில், வீடே தடுப்பாக நிற்கும் இடத்துக்கு அதை மாற்றுங்கள். குழாய் சில மீட்டர் நீளும், அதற்குச் செலவுண்டு. மேற்கு வெயில் படும் என்று மெக்கானிக் தயங்கினால், நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் இரவில்தான் என்று சொல்லுங்கள். மதிய வெயிலுக்கு யூனிட்டின் மேலே ஒரு சிறு சாய்ப்புப் போட்டால் போதும். முன்பக்கக் காற்று தடையின்றி வெளியேற வேண்டும். முழுதாகப் பெட்டி கட்டி மூடிவிடக் கூடாது. தாங்கியும் போல்ட்டுகளும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துருப்பிடித்த தாங்கியில் தொங்கும் முப்பது நாற்பது கிலோ இரும்பு அப்படிப்பட்ட காற்றில் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது கழுவுதல். மாதம் ஒருமுறை, மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டு, காயிலின் மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றினால் படிந்த உப்பு கரைந்து போய்விடும். இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. ஆனால் செய்பவர்கள் அரிது. ஒரு எச்சரிக்கை: உங்கள் பகுதி போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால் அதைக் கொண்டு கழுவக் கூடாது, நோயைக் கொண்டே நோயைக் கழுவுவதாகிவிடும். குடிநீர்க் குழாய்த் தண்ணீர் போதும். அதுவும் தட்டுப்பாடென்றால், இண்டோர் யூனிட்டின் வடிகுழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை இரவில் வாளியில் பிடித்து வையுங்கள். காற்றிலிருந்த ஈரம் ஒடுங்கி வந்த நீர் அது, உப்பில்லாதது. கடலோரப் புழுக்கத்தில் ஓர் இரவுக்கு நல்ல அளவில் சேரும். அழுத்தப் பம்பு வைத்து அடிக்க விடாதீர்கள், தகடுகள் மடிந்துவிடும்.

கடையில் "நீலக் காயில், கடற்கரைக்கு ஏற்றது" என்று சொல்வார்கள். அந்த நீலப் பூச்சில் ஓரளவு பாதுகாப்பு இருப்பது உண்மை. ஆனால் அதன் முதல் வேலை தண்ணீர்த் துளி தகட்டில் தங்காமல் வழிந்தோடச் செய்வது. நிறத்தைப் பார்த்து வாங்காமல், வாரண்டி அட்டையை வாங்கிப் படியுங்கள். கம்ப்ரசருக்குப் பத்தாண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். உங்கள் வீட்டில் இரண்டு முறையும் போனது காயில். காயிலுக்கும் கேஸுக்கும் எத்தனை ஆண்டு, உப்புக் காற்றினால் வரும் அரிப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சிறிய எழுத்தில் தேடுங்கள். நான் என் உறவினர் வீட்டுக்கு வாங்கியபோது விற்பனையாளரின் வாய்வார்த்தையை நம்பி அந்த வரியைப் படிக்காமல் விட்டேன். நான்காவது ஆண்டு காயிலுக்கு முழு விலை கொடுத்தோம். இரண்டு இயந்திரங்களுக்கு இடையே ஒரு நட்சத்திர வித்தியாசமா, காயிலுக்கு ஐந்தாண்டு எழுத்துப்பூர்வ வாரண்டியா என்று வந்தால், உங்கள் ஊரில் நான் வாரண்டியைத்தான் எடுப்பேன்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் அறை 132 சதுர அடி. ஒன்றரை டன் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதற்குக் காரணம் மேலேயுள்ள மொட்டை மாடியாக இருக்கும். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் அறைக்குள் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும் என்பது உண்மைதான். அதற்கு மருந்து பெரிய இயந்திரமல்ல. மாடித் தளத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூலிங் பூச்சு அடித்தாலோ, வெள்ளை ஓடு பதித்தாலோ தளம் குடிக்கும் வெப்பமே குறைந்துவிடும். அந்த ஒரு அறைக்கு மேல் பூச்சு அடிக்கச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். பூச்சை ஆண்டுதோறும் கோடைக்கு முன் துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும். பாசியும் தூசும் படிந்து கறுத்தால் பயனில்லை. இதைச் செய்தபின் ஒரு டன் இயந்திரம் அந்த அறைக்குப் போதும்.

சிறிய இயந்திரத்தில் இன்னொரு நன்மை, நம் ஊருக்கென்றே உள்ளது. கடலூரில் இரவு நம்மைத் தூங்கவிடாமல் செய்வது வெப்பத்தைவிடப் புழுக்கம். காற்றிலுள்ள ஈரம் குறைய வேண்டுமானால் இண்டோர் காயில் நன்கு குளிர்ந்து, தொடர்ந்து ஓட வேண்டும். தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு, வேகத்தைக் குறைத்தோ நின்றோ போய்விடும். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் தலையணை பிசுபிசுக்கும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? ரிமோட்டை எடுத்து இன்னும் இரண்டு டிகிரி குறைக்கிறோம். நீங்கள் 22-இல் வைக்கும் பழக்கம் அப்படி வந்ததாகவே நினைக்கிறேன். லேபிளுக்கான சோதனை அறையின் வெப்பம் 27 டிகிரி. 22-இல் ஓட்டுபவருக்கு அந்த யூனிட் கணக்கு கூடத்தான் செய்யும். 2020 ஜனவரி முதல் ஏசியை இயக்கியதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததற்கும் இதுதான் காரணம். மின்விசிறியை இரண்டாம் எண்ணில் சுழலவிட்டு 26-இல் ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டில் நின்றால் பில் 1,805 ரூபாய்; 501 ஆனால் கீழ்ப்படிச் சலுகை போய்விடுவதால் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அந்த ஒற்றை யூனிட்டின் விலை இருநூறு ரூபாய்க்கு மேல். கூரையும் 26 டிகிரியும் சேர்ந்து மூன்று பில்களில் ஒன்றையாவது இந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கக்கூடும்.

ஆகவே என் பரிந்துரை ஒரு டன் ஐந்து நட்சத்திரம், 38,500 ரூபாய். நீங்கள் மலிவென்று நினைத்த மூன்று நட்சத்திரத்தைவிட இரண்டாயிரம்தான் கூடுதல். ஒன்றரை டன் ஐந்து நட்சத்திரத்துக்குப் போகவிருந்த 7,500 ரூபாயை மாடிப் பூச்சுக்கும், மேற்குச் சுவருக்குக் குழாய் நீட்டுவதற்கும், நல்ல தாங்கிக்கும் செலவிடுங்கள். ஒரு டன் லேபிளில் உள்ள யூனிட்டை ஒன்றரை டன் லேபிளுடன் நேராக ஒப்பிட்டு மகிழ வேண்டாம். ஒவ்வொரு லேபிளும் இயந்திரத்தின் அளவுக்கேற்ற சுமையை வைத்துக் கணக்கிடப்படுவது. ஒப்பிட வேண்டிய எண் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற திறன் எண். 2022 ஜூலை முதல் 2025 முடிய நடப்பிலிருந்த அளவுகோலில் அது 5.0 இருந்தால் ஐந்து நட்சத்திரம், 3.8 இருந்தால் மூன்று. 2026 ஜனவரியில் அளவுகோல் மேலும் இறுகியது. நட்சத்திரம் மாறும், இந்த எண் மாறாது. விலையில் 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த வரிதான் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் ரசீதில் பாருங்கள்.

மேற்குச் சுவருக்கு மாற்ற வழியே இல்லை, மாதந்தோறும் கழுவ ஆளும் இல்லை என்றால் என் பதில் மாறும். அப்போது மூன்று நட்சத்திரமே வாங்குங்கள். ஆறாவது ஆண்டு அதை எடைக்குப் போடும்போது மனம் வலிக்காது.

பொருத்தும் நாளில் கூடவே நில்லுங்கள். குழாய் இணைத்தபின் வாக்கூம் பம்பு போட்டு உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தபிறகே கேஸைத் திறக்க வேண்டும். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடுவது பழைய சோம்பேறி வழக்கம், வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏசிகளில் அது ஆயுளைக் குறைக்கும். ஏசியின் மின்னணு போர்டுக்குள் பல்லி நுழையும் துளைகளை அடைக்கச் சொல்லுங்கள். சிரிக்க வேண்டாம், பல்லியால் எரிந்த போர்டுகளை நிறைய மாற்றியிருக்கிறேன். எல்லாம் முடிந்ததும் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளை அருகிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று மீண்டும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தென்படத் தொடங்கினால், மாதம் ஒரு வாளி என்பதை இரண்டாக்குங்கள்.